இரண்டு 20 காசு நாணயங்களும் நாற்பது பிள்ளைகளும்

ஈசூன் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தமிழ்நாட்டில் பி.காம். படித்தவர்; திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். மகள் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள். பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இவரும் ஒருவர். ஆண்டிறுதித் தேர்வு முடிந்தபின், நவம்பரில், மகளின் வகுப்புக்கு மூன்று அறிவியல் நடவடிக்கைகளை நடத்தித் தர முடியுமா என்று பள்ளி கேட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒன்று, காலை 10 மணி முதல் 11.30 வரை. பிள்ளைகள் 40 பேர். செலவுக்கு 150 வெள்ளி. சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து தூக்கமில்லை என்கிறார்.

இணையத்தில் தேடி அவர் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: முதல் வாரம் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை, அதோடு கையில் பிசைந்து விளையாடும் பிசின் போன்ற ஸ்லைம். இரண்டாம் வாரம் உலர்பனியில் புகை. மூன்றாம் வாரம் ஜெலட்டினும் மார்ஷ்மெல்லோவும் கொண்டு, செய்து முடித்ததும் சாப்பிடக்கூடிய உயிரணு மாதிரி. "ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில்தான் விழும்" என்கிறார் கணவர். "இதெல்லாம் பிஎஸ்எல்இக்கு (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு) உதவுமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் கேட்டிருக்கிறார். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் சிறுவன் ஒருவனும் அந்த வகுப்பில் இருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கு அறிவியலும் தெரியாது, ஆங்கிலமும் சரளமாக வராது. பிள்ளைகள் கேள்வி கேட்டால் என்ன செய்வேன்? மகளே 'அம்மா, நீங்கள் வர வேண்டாம்' என்கிறாள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ஒப்புக்கொண்டதற்கு முதலில் என் நன்றி. தேர்வு முடிந்த நவம்பர் வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாடம் முடிந்திருக்கும், ஆசிரியர் களைத்திருப்பார், பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மூன்று வாரம் வந்து பிள்ளைகளின் கையில் வேலையைக் கொடுப்பது பெரிய காரியம். நீங்கள் பின்வாங்கக் கூடாது. திட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் திட்டத்தில் உள்ள நான்குமே பெரியவர் ஒருவர் முன்னால் நின்று செய்துகாட்ட, பிள்ளைகள் "ஓ!" என்று வியப்பவை. பிள்ளைகளுக்கு ஆர்வம் வருவது பொங்குவதாலும் புகைவதாலும்தான் என்று நினைக்கிறீர்கள். வியப்பு வரும், மறுக்கவில்லை. நுரை அடங்கியதும் அதுவும் அடங்கிவிடும்; அடுத்து பிள்ளை கேட்பது "இன்னொரு தடவை" என்பதுதான். ஒரு பிள்ளை "இப்படித்தான் ஆகும்" என்று தானே சொல்லி, எழுதி வைத்து, பிறகு தன் கையால் செய்து பார்த்து, அது தவறிப் போகும்போது வரும் ஆர்வம் வேறு. அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவனோடு வாதாடும், வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடமும் கேட்கும். மூன்று வாரமும் அதற்காகவே திட்டமிடுங்கள்.

கைவிட வேண்டியவை, காரணத்தோடு

உலர்பனி வேண்டவே வேண்டாம். அது உறைந்த கரியமில வாயு. பூஜ்யத்துக்குக் கீழே 78.5 டிகிரி செல்சியஸ் குளிர். விரல் பட்டுச் சில நொடிகளிலேயே தோல் புண்ணாகும். குளிர்சாதனத்துக்காகக் கதவு சன்னல்களை மூடிய அறையில் அந்த வாயு தரையோரம் தேங்கும். யாராவது ஒரு பிள்ளை ஒரு துண்டைத் தண்ணீர் போத்தலில் போட்டு மூடியைத் திருகினால் போத்தல் வெடிக்கும். நாற்பது பேரில் ஒருவனுக்காவது அப்படிச் செய்து பார்க்கத் தோன்றும்.

ஸ்லைம் செய்முறைகள் பலவற்றில் போராக்ஸ் என்ற வேதிப்பொருள் உண்டு. அது தோலையும் கண்ணையும் உறுத்தும். வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது வேறு. நாற்பது பிள்ளைகள் கையைக் கழுவாமல் இடைவேளைக்கு ஓடுவது வேறு.

சாப்பிடும் உயிரணுவையும் விட்டுவிடுங்கள். ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கடையில் கிடைக்கும் மார்ஷ்மெல்லோ பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. உங்கள் மகளின் வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள் இருப்பார்கள், சைவ உணவுக்காரப் பிள்ளைகளும் இருப்பார்கள், கடலை முதலிய ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கலாம். கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அறிவியல் அறையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது பிள்ளைகள் முதலில் கற்கும் பாதுகாப்பு விதி. அந்த விதியை நீங்களே உடைத்துவிட்டால் ஆசிரியருக்குத்தான் சங்கடம்.

எரிமலையில் ஆபத்து குறைவு. அதில் எனக்கு வேறொரு குறை. உண்மையான எரிமலையில் சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. பூமிக்குள் உருகிய பாறை வாயுக்களோடு மேலெழுகிறது. களிமண் மலையில் நுரை வழிவதைப் பார்த்த பிள்ளை, எரிமலைக் குழம்பு ஒருவகை நுரை என்று மனதில் பதித்துக்கொள்ளும். அதைப் பின்னால் அழிப்பது கடினம்.

முதல் வாரம்: நாணயமும் காந்தமும்

உங்கள் சில்லறைப் பையைக் கொட்டி 20 காசு நாணயங்களைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வகை இருக்கும். ஒன்றில் சாங்கி விமான நிலையம். அது 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசை. மற்றொன்றில் பூச்செடி, அது 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசை. இரண்டும் வெள்ளி நிறம், இரண்டும் செல்லும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் விமான நிலையம் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பூச்செடி அசையாது.

தொடக்கநிலை 3 பிள்ளைகள் காந்தத்தை ஏற்கெனவே படித்திருப்பார்களே, சலிப்பாக இருக்காதா என்று கேட்பீர்கள். படித்திருப்பதால்தான் இது நன்றாக எடுபடும். "காந்தம் உலோகத்தை இழுக்கும்" என்று அரைகுறையாக மனதில் வைத்திருக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் பாதிப் பேராவது இருப்பார்கள். இரண்டுமே உலோகம், இரண்டுமே 20 காசு, ஒன்று ஒட்டுகிறது, மற்றொன்று ஒட்டவில்லை. இதைக் கண்ட பிள்ளையால் சும்மா இருக்க முடியாது.

நடத்தும் விதம் இது. நால்வர் கொண்ட பத்துக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தட்டு: பழைய நாணயம், புதிய நாணயம், அலுமினியப் பானக் கேன், திறக்காத சார்டின் டின், காகிதம் கோக்கும் கிளிப், செம்புக் கம்பி, பிளாஸ்டிக் கரண்டி, எவர்சில்வர் தம்ளர். திறந்த டின்னின் விளிம்பு கையை வெட்டும், ஆகவே திறக்காததே வேண்டும். காந்தத்தை முதலில் கொடுக்காதீர்கள். எது எது ஒட்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகத் தாளில் எழுதட்டும், பேனாவால். பென்சில் என்றால் விடை தெரிந்ததும் அழித்துவிடுவார்கள். குழுவாகச் சேர்ந்து ஒரே விடை எழுதவும் விடாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதை மற்ற மூவரும் எழுதிவிடுவார்கள். எழுதி முடித்த பிறகுதான் காந்தம் மேசைக்குப் போக வேண்டும்.

நாணயத்தின் முறை வரும்போது அறையில் இரைச்சல் எழும். அப்போது விளக்கம் சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். "ஏன் இப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள். படம் வேறு என்பான் ஒருவன். பழையதில் சக்தி தீர்ந்துவிட்டது என்பாள் ஒருத்தி. உள்ளே வேறு உலோகம் இருக்கலாம் என்று யாராவது சொல்லும்வரை பொறுங்கள். யாரும் சொல்லாவிட்டால், "10 காசிலும் 50 காசிலும் பழையது புதியது இரண்டையும் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?" என்று அடுத்த தட்டைக் கொடுங்கள். அங்கேயும் அதுவே நடக்கும். படத்தின் மேல் போட்ட பழி அதோடு விலகும். பூச்செடி நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது. சாங்கி நாணயத்தின் உள்ளே எஃகு இருக்கிறது, மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் இதை நீங்கள் சொல்லலாம். நாணயத்தைச் சுரண்டிப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். இங்கே நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம்.

எவர்சில்வர் தம்ளரை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். அதை நீங்களே வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு தம்ளர் ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. அடுத்து, இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாத பாத்திரங்களை எடுத்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். எவர்சில்வரில் பல வகை உண்டு. நிக்கல் கூடுதலாகச் சேர்த்த வகை பொதுவாகக் காந்தத்துக்கு மசியாது, இண்டக்ஷனிலும் சூடேறாது. "எனக்கு அறிவியல் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாத்திரம் எந்த அடுப்பில் ஏறும் என்று உங்கள் கைக்குத் தெரியுமே, அது பொருள்களின் பண்பு பற்றிய அறிவுதான். தொடக்கநிலை 3 பாடத்தில் பொருள்களும் இருக்கின்றன, காந்தங்களும் இருக்கின்றன.

காந்தத்தைப் பள்ளியின் அறிவியல் அறையிலிருந்தே கேட்டு வாங்குங்கள். பட்டைக் காந்தம் போதும். கடைகளில் விற்கும் குட்டிக் குட்டி உருண்டைக் காந்தங்களை வகுப்புக்குக் கொண்டுபோகவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும்; அறுவை சிகிச்சைவரை போகும்.

இரண்டாம் வாரம்: எந்தப் பொட்டலம் ஒழுகாது?

தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாழையிலை வாங்குங்கள். பழைய குடை ஒன்றின் துணி, உங்கள் கணவரின் பழைய வேட்டித் துண்டு, செய்தித்தாள், திசுத்தாள், நாசி லெமாக் சோற்றைக் கட்டித் தரும் பழுப்புத் தாள். உள்ளங்கை அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு திசுத்தாள், மேலே சொட்டுக்குழாயால் பத்துச் சொட்டு, இரண்டு நிமிடம் காத்திருப்பு, பிறகு தூக்கிப் பார்ப்பது. அவ்வளவுதான் செயல்முறை. சிக்கலெல்லாம் அந்தப் பழுப்புத் தாளில் இருக்கிறது.

அந்தத் தாளின் ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, மறு பக்கம் வெறும் காகிதம். பூசிய பக்கத்தில் விட்ட நீர் முத்தாக நிற்கும். வெறும் பக்கத்தில் விட்டால் காகிதம் நீரைக் குடித்துக் கறுத்துப் போகும். ஆனால் கீழே உள்ள திசுத்தாள் காய்ந்தே இருக்கும். இப்போது ஒரு குழு "ஒழுகாது" என்று எழுதும், பக்கத்துக் குழு "நனைகிறது" என்று எழுதும். இரண்டும் சரி. தாள் நனைவதும் நீர் ஊடுருவிக் கீழே இறங்குவதும் வெவ்வேறு என்று பிள்ளைகளே வாதாடி வந்து சேரும் இடம் அது. எந்தப் பக்கத்தில் சோற்றை வைப்பார்கள், ஏன் என்று கேளுங்கள். இதுவரை எத்தனையோ பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட பிள்ளைகள் அந்தத் தாளை முதல்முறையாகத் திருப்பிப் பார்ப்பார்கள்.

வாழையிலையிலும் ஒரு திருப்பம் உண்டு. மெல்லியது என்பதால் ஒழுகும் என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். இலையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் சொட்டு உருண்டு ஓடும். தட்டைச் சற்றுச் சாய்த்து ஓட விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாழையிலை தெரியும். அன்று அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். மலாய்ப் பிள்ளைகளுக்கும் வாழையிலைப் பொட்டலம் புதிதில்லை.

சொட்டுக்குழாய்க்குச் சண்டை வரும், நிச்சயமாக. ஆகவே தொடக்கத்திலேயே வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் சொட்டு விட, ஒருவர் எண்ண, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத. ஒவ்வொரு துண்டுக்கும் வேலை கைமாற வேண்டும். ஒரு குழு பன்னிரண்டு சொட்டு விட்டிருந்தால், அல்லது உயரத்திலிருந்து விட்டிருந்தால், மற்றக் குழு "அது நியாயமில்லை!" என்று கத்தும். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதை அந்த வாட்ஸ்அப் தாய் துணைப்பாட வகுப்புக்குக் காசு கொடுத்துக் கற்பிக்கிறார். இங்கே பிள்ளைகள் சண்டை போட்டே கற்கிறார்கள்.

அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். பிஎஸ்எல்இ அறிவியல் தாளில் விரிவாக விடை எழுதும் பகுதி உண்டு. கவனித்ததைச் சொல், ஒப்பிடு, காரணம் காட்டு, இந்தச் சோதனையில் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்று கேட்பார்கள். மூன்று வாரமும் பிள்ளைகள் செய்யப்போவது அதைத்தான். ஆனால் இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். தேர்வு முடிந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அடுத்த தேர்வைக் காட்ட வேண்டாம்.

கடைசியில் எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் துடைத்துவிட்டு வாருங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தரையில் சிந்திய நீரை அவ்வப்போது துடைக்க இன்னொரு பெற்றோரை அழைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் பிள்ளைகள் வழுக்கி விழக்கூடும்.

மூன்றாம் வாரம்: நிழல்

இதற்குக் காசே வேண்டாம். ஒரு மீட்டர் கோல், சுண்ணக்கட்டி, திறந்த சதுக்கம். காலை 10 மணிக்குக் கோலை நட்டு நிழலின் நுனியைக் குறிக்கட்டும். 11.30க்கு நுனி எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதலெழுத்தைத் தரையில் எழுதி வைக்கட்டும். நவம்பர் நடுவில் காலை 10 மணிக்கு ஒரு மீட்டர் கோலின் நிழலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும், 11.30க்கு அது ஏறக்குறைய அரை மீட்டராகக் குறைந்துவிடும். நிழல் வளரும் என்று எழுதியவர்கள், அதே இடத்தில் நிற்கும் என்று எழுதியவர்கள், சுருங்கும் ஆனால் திசை மாறாது என்று எழுதியவர்கள் என எல்லாரும் அங்கே நிற்பார்கள். இடையில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவரை மட்டும் அனுப்பிப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்; மற்றவர்கள் உள்ளே கைவிளக்கும் பொம்மையும் வைத்து நிழலை நீட்டவும் குறுக்கவும் வழி தேடட்டும். வெயிலில் நாற்பது பேரையும் ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது.

பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாகும் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். சிங்கப்பூரில் அப்படி இல்லை. 1982 ஜனவரி 1 அன்று இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணியை ஒட்டித்தான். நவம்பர் நடுவில் சற்று முன்பாக, 12.50 வாக்கில். ஆர்வமுள்ள பிள்ளைகள் பள்ளி விடும் நேரம்வரை புள்ளி வைத்துக்கொண்டே போனால் இதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அப்போதும் நிழல் முழுதாக மறையாது. வடக்குப் பக்கமாக முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். சூரியன் அந்த மாதத்தில் தெற்கே சாய்ந்திருக்கிறது.

நவம்பரில் மழையும் இடியும் அதிகம். வானம் இருண்டாலோ பள்ளி மின்னல் எச்சரிக்கை விடுத்தாலோ ஒரு பிள்ளையும் வெளியே போகக் கூடாது. அன்று முழுவதும் கைவிளக்கை வைத்தே நடத்துங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால், இலைகளில் பட்டாம்பூச்சிப் புழு இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டு வையுங்கள். மீதமிருக்கும் நேரத்துக்கு அது நல்ல துணை. செடியிலேயே பார்க்கட்டும், பிடித்து வர வேண்டாம்.

பொறுப்பு யாருக்கு?

உங்கள் கணவரின் கவலையை ஒதுக்க மாட்டேன். நான் வழக்குரைஞர் அல்லன். பள்ளிகளில் நடைமுறை எப்படி என்பதைச் சொல்கிறேன். பள்ளி நேரத்தில் பள்ளி வளாகத்தில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு பள்ளியுடையது. நீங்கள் அழைக்கப்பட்ட தொண்டூழியர். அதற்காக உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்றாகாது. நியாயமான எச்சரிக்கையோடு நடக்கும் கடமை யாருக்கும் உண்டு. அந்த எச்சரிக்கைக்குச் சான்றாக ஒரு தாள் இருக்கட்டும்: என்ன செய்யப் போகிறோம், என்னென்ன பொருள், எங்கே காயம் படலாம், அதற்கு என்ன ஏற்பாடு. அதை அறிவியல் துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதலுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஆசிரியர் அறையில் இல்லாமல் ஒரு நிமிடமும் வகுப்பை நடத்தாதீர்கள். "ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கிளம்பினால், பணிவாகக் காத்திருக்கச் சொல்லுங்கள். தொண்டூழியர்களுக்குக் காப்புறுதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்பது அவமரியாதை ஆகாது.

படம் எடுப்பதும் இதில் சேரும். எந்தப் பிள்ளையின் படத்தை வெளியிடலாம் என்பதில் பெற்றோரின் சம்மதம் பள்ளியிடம்தான் பதிவாகி இருக்கும். ஆகவே நீங்கள் கைத்தொலைபேசியை எடுக்கவே வேண்டாம். ஆசிரியர் எடுக்கட்டும்.

காதைப் பொத்திக்கொள்ளும் சிறுவனைப் பற்றி நீங்கள் யோசித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பலர் யோசிப்பதில்லை. அவனுக்கு என்ன பிரச்சினை என்று விசாரிக்காதீர்கள். ஆசிரியரால் அதை உங்களிடம் சொல்ல முடியாமல் இருக்கலாம். "என்ன செய்தால் அவனுக்கு எளிதாக இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அன்றைய வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து பலகையில் ஒட்டினால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். கதவோரக் குழுவில் இடம் கொடுங்கள். நிழலுக்குப் புள்ளி வைக்கப் போகும் இருவரில் ஒருவனாக அவன் அடிக்கடி இருக்கலாம். பொங்கும் எரிமலையைச் சுற்றி நாற்பது பேர் கூச்சலிடும் உங்கள் பழைய திட்டத்தில் அவன் அறைக்கு வெளியேதான் நின்றிருப்பான்.

ஆங்கிலமும் மகளும்

பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. வகுப்பில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருப்பதால் நீங்களும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ஆனால் நான் சொன்ன முறையில் நீங்கள் பேச வேண்டியது மிகக் குறைவு. என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? ஏன்? எப்படித் தெரிந்துகொள்ளலாம்? வேறு யாராவது வேறு மாதிரி நினைக்கிறீர்களா? இந்த நான்கு கேள்விகளையும் ஆங்கிலத்தில் வாய்க்குப் பழகும்வரை சொல்லிப் பாருங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி, பலகையின் ஓரத்தில் பிள்ளையின் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் விடையோடு போங்கள். கேள்வியை மறக்காமல் எடுத்து வந்தவரைப் பிள்ளைகள் மதிப்பார்கள்.

மகள் வர வேண்டாம் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். நண்பர்கள் முன்னால் அம்மா தடுமாறிவிடுவாரோ என்ற பயம்தான் அந்த வயதில் பெரும்பாலும் இருக்கும். எந்த விஷயத்துக்குச் சங்கடப்படுகிறாள் என்று கேளுங்கள். வகுப்பில் செல்லப் பெயரால் கூப்பிட மாட்டேன், விடை சொல்ல எழுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். அவளை எந்தக் குழுவில் போடுவது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். வீட்டு ஒத்திகைக்கு மட்டும் அவளையே அழையுங்கள். தமிழிலேயே பேசி, சமையலறை மேசையில் தம்ளர்களையும் நாணயங்களையும் பரப்பி, எங்கே புரியவில்லை என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். விடையை அவள் முன்பே தெரிந்துகொண்டால் வகுப்பில் அவளுக்குச் சுவை போய்விடும் என்பதால், நிழலை மட்டும் ஒத்திகை பார்க்காமல் விட்டு வையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். அறிவியல் துறைத் தலைவருக்கு எழுதி, மூன்று நாள்களுக்கும் அறிவியல் அறை கிடைக்குமா, பட்டைக் காந்தம் பத்து, சொட்டுக்குழாய் பத்து, உருப்பெருக்கி பத்து, கைவிளக்கு ஐந்து இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் 150 வெள்ளியில் பெரும்பகுதி மிஞ்சும். அதை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுங்கள். மழை நாளுக்கான மாற்றுத் திட்டத்தையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். அவர் கேட்பதற்கு முன்பே எழுதியிருந்தால் ஒப்புதல் விரைவில் வரும்.